பழைய ஒட்டோ காரின் கியர் ஒயில்: வீட்டில் வடிப்பதா, கராஜில் சம்பைக் கழற்றுவதா, மெஷினில் மாற்றுவதா?

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் அதற்குப் பிந்திய விலையும் சேர்ந்து, கையிலிருக்கும் கொரோலா 121-ஐயோ அலியன் 240-ஐயோ இன்னும் பல வருடம் ஓட்டியே ஆகவேண்டும் என்ற நிலைக்குக் கொழும்பில் பலரைக் கொண்டுவந்து விட்டன. எஞ்சின் ஒயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட ஒட்டோ கியர்பொக்ஸின் ஒயிலைத் தொட்டதே இல்லை. தொடலாமா என்று விசாரித்தால், "வீட்டிலேயே வடித்து ஊற்றலாம்" என்பார் ஒருவர். "சம்பைக் கழற்றி பில்டர் மாற்றாமல் பிரயோசனமில்லை" என்பார் இன்னொருவர். "மெஷினில் போட்டால் ஒரே நாளில் முடியும்" என்பார் மூன்றாமவர். "ஓடுகிறதைத் தொடாதே" என்பார் நான்காமவர்.

நான்கு பேர் சொல்வதும் ஏதோ ஒரு காருக்குப் பொருந்தும். எது உங்கள் காருக்கு என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஐந்து விடயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, கியர்பொக்ஸின் இன்றைய நிலை. மற்ற நான்கையும் இதுவே தீர்மானிக்கும். இரண்டாவது, ஒரு தடவையில் பழைய ஒயில் எவ்வளவு வெளியேறுகிறது. மூன்றாவது, பில்டரும், சம்பின் (கியர்பொக்ஸின் அடியில் ஒயில் நிற்கும் தட்டின்) அடியில் படிந்த துகளும் வெளியே வருகின்றனவா. நான்காவது, உண்மையான செலவு. ஒயில் விலை அடிக்கடி மாறுவதால் இங்கே லீற்றர் கணக்கில் சொல்கிறோம். ஐந்தாவது, தவறு நேர்ந்தால் எவ்வளவு பெரிய தவறாகும்.

கொழும்பில் ஆறாவது ஒன்றும் உண்டு: இடம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்குக் கிடைப்பது தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கார் அளவு நிலம்தான். அங்கே ஜக் வைத்துக் காரின் அடியில் படுக்க முடியுமா, சிந்தினால் நிர்வாகம் என்ன சொல்லும் என்பதை ஒயில் வாங்குமுன் யோசியுங்கள். சரிவான வாசலும் உதவாது. சமதரையில் நின்றால்தான் அளவு சரியாகக் காட்டும்.

## முதலில் டிப்ஸ்டிக் என்ன சொல்கிறது

டிப்ஸ்டிக் என்பது ஒயில் அளவு பார்க்கும் குச்சி. டொயோட்டாவில் காரை 20 நிமிடம் ஓட்டி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியருக்கும் ஒருமுறை மாற்றி, மீண்டும் பி-யில் வைத்துப் பார்க்க வேண்டும். சூடான ஒயில் விரியும். அதனால் குச்சியில் குளிருக்கு ஒரு எல்லை, சூட்டுக்கு ஒரு எல்லை என இரண்டு இருக்கும். ஹொண்டாவில் முறை வேறு: எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஹொண்டாவை டொயோட்டா முறையில் பார்த்துத் தேவையில்லாமல் ஒயில் ஊற்றுவது அடிக்கடி நடக்கிற தவறு.

ஒரு துளியை வெள்ளை டிஷ்யூவில் விட்டுப் பாருங்கள். சிவப்பு அல்லது இலேசான பழுப்பு, கெட்ட வாடை இல்லை என்றால் கீழே சொல்லும் எந்த வழியும் ஆபத்தில்லை. தேயிலைச் சாயம் போல் கறுத்திருந்தும் கியர் நன்றாக விழுகிறது என்றால் வீட்டில் வடிக்கும் வழியே உகந்தது. கருகிய வாடையோடு, டி-யில் போட்ட பிறகு கார் நகரத் தாமதிக்கிறது, எஞ்சின் இரைகிறது ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் அது தேய்ந்த கிளட்ச் தட்டின் அறிகுறி. அதை எந்த ஒயிலும் குணமாக்காது.

ஸ்ட்ரோபெரி பால் போல் இளஞ்சிவப்பு நுரையாகத் தெரிந்தால் காரை ஓட்டவே வேண்டாம். பல பழைய கார்களில் கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. கூலன்ட் ஊற்றாமல் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றிப் பழகிய ரேடியேட்டரில் அது அரித்து ஓட்டை விழும்; தண்ணீர் கியர்பொக்ஸுக்குள் போய் கிளட்ச் தட்டின் உராய்வுப் படலத்தை உரித்துவிடும். அங்கே முதல் வேலை ரேடியேட்டர், அதன்பிறகுதான் ஒயில்.

## ஒரே பார்வையில்

| | சும்மா விடுதல் | வீட்டில் வடித்து ஊற்றுதல் | சம்பைக் கழற்றி பில்டர் மாற்றுதல் | மெஷினில் மாற்றுதல் |
|---|---|---|---|---|
| வாங்க வேண்டிய ஒயில் | இல்லை | ஒரு தடவைக்கு 3 முதல் 4 லீற்றர் | 4 முதல் 5 லீற்றர் | 10 முதல் 12 லீற்றர் |
| வெளியேறும் பழையது | இல்லை | பாதிக்குச் சற்றுக் குறைவு | ஏறக்குறைய பாதி | பெரும்பகுதி |
| பில்டர், காந்தத் துகள் | அப்படியே | அப்படியே | வெளியே வரும் | தனியாகக் கேட்டால் மட்டும் |
| மறைந்திருக்கும் செலவு | கியர்பொக்ஸே | வோஷர், புனல், ஜக் ஸ்டாண்ட், அரை நாள் | பெக்கிங், பில்டர், கசிவுக்கு மறுபடி கூலி | எந்த ஒயில் என்ற சந்தேகம், வீணாகும் லீற்றர் |
| பெரிய ஆபத்து | மெதுவான தேய்மானம் | தவறான போல்ட், தவறான அளவு | போல்ட் மரை கெடுவது | தவறான ஒயில் முழுவதும் நிரம்புவது |

## வழி 1: சும்மா விடுதல்

ஒட்டோ கியரில் ஒயில் மசகு மட்டுமல்ல. எஞ்சினின் பலத்தைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுவே. டூப்ளிகேஷன் வீதியில் மாலை ஐந்தரைக்கு நின்று நின்று ஊரும்போது டோர்க் கன்வேர்ட்டருக்குள் (எஞ்சினின் பலத்தை ஒயில் வழியே கியருக்குக் கடத்தும் பகுதி) ஒயில் கடைபட்டுக் கொதிக்கிறது. எதிர்க்காற்று இல்லாததால் ரேடியேட்டரும் திணறுகிறது. சூடு ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் ஏறும்போதும் ஒயிலின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது பொறியியலில் பொதுவாகப் பயன்படும் கணக்கு. "வாழ்நாள் முழுவதுக்குமான ஒயில்" என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும் அதை எழுதியவர் கொழும்பு நெரிசலை நினைத்து எழுதியிருக்க மாட்டார்.

அப்படியானால் சும்மா விடுவது எப்போது சரி? கியர் ஏற்கெனவே வழுக்குகிறது, ஒயில் கருகிவிட்டது என்னும்போது. "ஒயில் மாற்றினேன், அடுத்த வாரம் கியர் போய்விட்டது" என்ற கதைகளில் பெரும்பாலும் கியர் போய்க்கொண்டிருந்ததால்தான் ஒயில் மாற்றவே போயிருப்பார்கள். இறுகிப்போன ரப்பர் சீல்களும் தேய்ந்த தட்டுகளும் புது ஒயிலால் திரும்பி வராது. அந்தக் காசைப் பிரித்துப் பார்க்கும் கூலிக்கும், திருத்துவதற்கோ வேறு கியர்பொக்ஸுக்கோ ஒதுக்குவது நல்லது.

## வழி 2: வீட்டில் வடித்து ஊற்றுதல்

டிப்ஸ்டிக்கும் ட்ரெயின் போல்ட்டும் உள்ள பழைய ஜப்பான் கார், வழுக்கல் இல்லை, சமதரை இருக்கிறது என்றால் எங்கள் தெரிவு இதுதான். இதன் பலம் அதன் மெதுவில் இருக்கிறது.

சிறிய கார்களின் கியர்பொக்ஸில் மொத்தம் 6 முதல் 7 லீற்றர் இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் ஏறத்தாழ 3 லீற்றர்தான் வடியும். மீதி டோர்க் கன்வேர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கும். மொத்தம் 7, வடிவது 3 என்று வைத்துக்கொண்டால், முதல் தடவைக்குப் பின் உள்ளே இருப்பதில் 43 சதவீதம் புதியது. இரண்டாம் தடவைக்குப் பின் 67, மூன்றாம் தடவைக்குப் பின் 81, நான்காம் தடவைக்குப் பின் 89. மூன்று தடவைக்கு மேல் போனால் காசுக்கு ஏற்ற பலன் குறைகிறது. ஆகவே மூன்று தடவை, 9 லீற்றர், மேலதிகமாக ஒன்று; இதுவே நியாயமான கணக்கு. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே 500 முதல் 1000 கிலோமீற்றர் ஓடட்டும். ஏதாவது மாற்றம் தெரிந்தால் இடையிலேயே நிறுத்திக்கொள்ளலாம். மெஷினில் அந்த வசதி கிடையாது.

வேலை இப்படி நடக்க வேண்டும்:

1. வேலைக்கு முன் டிப்ஸ்டிக்கைப் பார்த்து அளவைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே குறைவாக இருந்தால் வடித்த அளவையே திருப்பி ஊற்றுவது போதாது.
2. காரைப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். இளஞ்சூட்டில் ஒயில் நன்றாக வடியும். நெடுந்தூரம் ஓடிவந்த ஒயில் கையைப் பொசுக்கிவிடும்.
3. ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஜக் ஸ்டாண்ட் இரண்டு, பின்சில்லுக்குக் கட்டை.
4. சரியான போல்ட்டா என்று இருமுறை பாருங்கள். கொரோலா 121 போன்றவற்றில் 14 மில்லிமீற்றர் ஸ்பனர் பிடிக்கும் போல்ட் எஞ்சினுடையது. 10 மில்லிமீற்றர் அலன் கீ பிடிக்கும் போல்ட் கியர்பொக்ஸுடையது. ஹொண்டாவில் பொதுவாகச் சதுரக் குழி. 3/8 அங்குல ரச்செட் நேரே உட்காரும்.
5. வடிந்ததை வெறும் 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி அளந்து எழுதி வையுங்கள்.
6. புது வோஷர் போட்டு முதலில் விரலால் பூட்டுங்கள். மரை குறுக்கே ஏறினால் அதோடு சம்பும் போய்விடும்.
7. டிப்ஸ்டிக் குழாய் வழியாக, நீண்ட மெல்லிய புனலால், வடிந்ததைவிட கால் லீற்றர் குறைவாக ஊற்றுங்கள். குழாய் ஒடுக்கம், பத்து நிமிடம் பிடிக்கும். மழை நேரத்தில் திறந்த வெளியில் இதைச் செய்யாதீர்கள்.
8. எஞ்சினை இயக்கி, ஒவ்வொரு கியரிலும் சில செக்கன் நிறுத்தி, பி-க்குத் திரும்பி அளவு பாருங்கள் (ஹொண்டாவென்றால் அணைத்து). பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள்.
9. அரை மணித்தியாலம் ஓடிவந்து சூட்டு எல்லையில் மறுபடி பார்த்து முடியுங்கள்.

அதிகம் ஊற்றுவது குறைவாக ஊற்றுவதைப் போலவே கெடுதல். சுழலும் கியர்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் கிடையாது. கியர் வழுக்கத் தொடங்கும். ஊற்றிய பிறகு குறைப்பது பெரும்பாடு.

பழைய மூன்று கியர் டொயோட்டாக்கள் சிலவற்றில் டிஃபரன்ஷியலுக்கு (சில்லுகளுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதிக்கு) தனி ஒயிலும் தனிப் போல்ட்டும் உண்டு. சம்பை மட்டும் வடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

ரேடியேட்டருக்குப் போகும் கூலர் குழாயைக் கழற்றி, எஞ்சினை இயக்கி ஒரு லீற்றர் வெளியே தள்ளி, அணைத்து, ஒரு லீற்றர் ஊற்றி, இப்படியே முழுதும் மாற்றும் வீட்டு முறை ஒன்றும் இருக்கிறது. வேலை செய்யும். ஆனால் ஒருவர் ஸ்டியரிங்கிலும் ஒருவர் குழாயிலும் இருக்க வேண்டும். அணைக்கச் சில செக்கன் பிந்தினால் பம்ப் காற்றை இழுத்து வறண்டு ஓடும். முதல் தடவையாகச் செய்கிறவருக்கு இதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

## வழி 3: சம்பைக் கழற்றி பில்டர் மாற்றுதல்

சம்பின் உட்புறம் ஒரு கியர்பொக்ஸின் மருத்துவ அறிக்கை. உள்ளே சிறு காந்தங்கள் இருக்கும். அவற்றில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருப்பது வயதான காருக்கு இயல்பு. ஊசி போன்ற இரும்புச் சீவல்கள், பித்தளை நிறத் தகடுகள், கறுத்த உராய்வுப் படலத்தின் துண்டுகள் கிடைத்தால் உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது. இதை அறிய வேறு மலிவான வழி இல்லை. அதனால்தான் வரலாறு தெரியாமல் வாங்கிய காருக்கு, முதல் தடவை மட்டுமாவது இந்த வழியில் போகச் சொல்கிறோம். ரீகண்டிஷனாக வந்த காரின் கிலோமீற்றர் கணக்கை மட்டும் நம்பி ஒயிலின் வயதைச் சொல்ல முடியாது.

பில்டர் எல்லாக் காருக்கும் ஒன்றல்ல. சில பழைய கியர்பொக்ஸ்களில் வெறும் கம்பி வலை. கழுவித் திரும்பப் போடலாம். சிலவற்றில் உள்ளே துணி போன்ற படலம். அதைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். பல பழைய ஹொண்டாக்களில் கழற்ற சம்பே கிடையாது, கியர்பொக்ஸையே பிரித்தால்தான் பில்டர் வரும். அவற்றுக்கு வழி 2-ஐ மூன்று தடவை செய்வதே சரி.

இதை வீட்டில் செய்யலாமா? செய்யலாம், ஆனால் கராஜில் கொடுப்பது மேல். சம்பின் போல்ட்டுகள் சின்னவை, போகும் உடல் அலுமினியம். பல பெட்டிகளில் அவற்றுக்கான இறுக்கம் 5 முதல் 8 நியூட்டன் மீற்றர்தான். வழக்கமான ஸ்பனர் பலத்தில் இறுக்கினால் மரை உரிந்துவிடும், கோர்க் பெக்கிங் என்றால் பிதுங்கி வெடிக்கும். ட்ரெயின் போல்ட் இல்லாத சம்ப் என்றால் கழற்றும்போது ஒரு மூலையால் ஒயில் முழுவதும் தலையில் கொட்டும்.

கராஜில் கொடுக்கும்போதும் மூன்றைக் கேளுங்கள்: பழைய பெக்கிங்கைச் சுரண்டி எடுத்தார்களா, காந்தங்களைத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்களா, சிலிக்கோனை அளவுக்கு மேல் பூசினார்களா. உட்பக்கம் பிதுங்கிய சிலிக்கோன் துண்டு கழன்று பில்டரின் வாயை அடைத்தால், புதுப் பில்டர் போட்டும் கியர் பிடிக்காது. சம்பைக் கழுவுமுன் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். கூடவே நிற்க முடிந்தால் நில்லுங்கள். நல்ல மெக்கானிக் அதைத் தவறாக எடுக்க மாட்டார்.

## வழி 4: மெஷினில் மாற்றுதல்

மெஷின் கூலர் குழாய்களில் இணையும். பெரும்பாலானவற்றில் கியர்பொக்ஸின் சொந்தப் பம்பே பழையதை வெளியே தள்ள, அதே அளவு புதியது உள்ளே போகும். ஆகவே "மெஷின் அழுத்தத்தில் கியர் உடையும்" என்ற பயத்துக்குப் பெரிய அடிப்படை இல்லை. பயப்பட வேண்டியவை வேறு.

முதலில், என்ன ஒயில்? பீப்பாயிலிருந்து வருகிற "எல்லாக் காருக்கும் பொருந்தும்" ஒயில் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கண்முன் சீல் உடைத்த கான்களாக ஊற்றச் சொல்லுங்கள். முந்தைய காரின் ஒயில் மெஷின் குழாய்களில் கொஞ்சம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்து, "கழுவும் திரவம்" ஒன்றை ஊற்றி ஓடவிட்டு எடுக்கலாம் என்றால் பழைய காருக்குச் சம்மதிக்காதீர்கள். வருடக்கணக்காகப் படிந்த அழுக்கு ஒரேயடியாகக் கிளம்பி வால்வு பொடியின் (ஒயிலைத் திருப்பிவிட்டுக் கியர் மாற்றும் பகுதியின்) சிறு துவாரங்களில் போய் நிற்கும். பில்டரும் பழையபடியேதான் இருக்கும்.

இது சிறந்த தெரிவாகும் இடங்கள் இரண்டு. ஒயில் ஒழுங்காக மாற்றப்பட்டு வந்த கார், வரலாறு தெரியும், சொந்தக்காரருக்கு நேரமில்லை. மற்றது, ரேடியேட்டர் தண்ணீர் கலந்து, அல்லது தவறான ஒயில் ஊற்றப்பட்டு, உள்ளிருக்கும் அத்தனையும் உடனே வெளியேற வேண்டிய நிலை.

## எந்த ஒயில்: எல்லா வழிக்கும் பொது

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் "கியர் ஒயில்" என்று மட்டும் கேட்டால் மெனுவல் கியருக்கான தடித்த 90-ஆம் நம்பர் கையில் வரலாம். "ஏ.டி.எஃப்" (ஒட்டோ கியருக்கான ஒயில்) என்று கேளுங்கள், வகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல டொயோட்டாக்களின் டிப்ஸ்டிக்கிலேயே வகை பொறிக்கப்பட்டிருக்கும்.

கொரோலா 121 காலத்து டொயோட்டாக்களுக்கு டைப் டி-4. அதற்குப் பின் வந்த டபிள்யூ.எஸ். அதைவிட மெல்லியது; "புதியது, ஆகவே நல்லது" என்று டி-4 பெட்டிக்கு ஊற்றாதீர்கள். ஹொண்டாவின் இசட்-1-க்குப் பதிலாக வந்தது டி.டபிள்யூ-1, அது பழைய ஹொண்டாக்களுக்கும் பொருந்தும். மிட்சுபிஷிகளில் எஸ்.பி-2, எஸ்.பி-3. டெக்ஸ்ரோன்-3 என்ற பெயருக்கான அனுமதியை ஜெனரல் மோட்டர்ஸ் 2006-உடன் நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் விற்பவற்றைப் அந்த நிறுவனம் பரிசோதிப்பதில்லை, ஆகவே பெயர் தெரிந்த நிறுவனத்தின் கானை மட்டும் எடுங்கள்.

சி.வி.டி. கார் (கியர் படிகளுக்குப் பதிலாகப் பட்டியும் சக்கரமும் உள்ளது) என்றால் மேலே சொன்ன ஒயில் எதுவும் ஆகாது. அலியன் 240-இன் 1500 சி.சி.யில் சாதாரண நான்கு கியர். 260-இல் பெரும்பாலும் சி.வி.டி. பழைய ஹொண்டா ஃபிட்டின் சி.வி.டி.க்கு எச்.எம்.எம்.எஃப் என்ற தனி ஒயில். சாதாரண ஏ.டி.எஃப் ஊற்றினால் இரும்புப் பட்டி சக்கரத்தில் வழுக்கி இரண்டையும் கீறிவிடும். டிப்ஸ்டிக்கே இல்லாத பெட்டிகளையும் வீட்டில் தொடாதீர்கள். அவற்றில் ஒயிலின் சூட்டைக் கருவியால் பார்த்து, டொயோட்டா டபிள்யூ.எஸ். பெட்டிகளில் 35 முதல் 45 பாகைக்குள், வழிந்தோடும் துளையால்தான் அளவு சரிபார்க்க வேண்டும். ஸ்கேனரும் லிஃப்டும் உள்ள கராஜின் வேலை அது.

## பிறகு

கொழும்பு நெரிசலுக்குள்ளேயே ஓடும் காருக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒரு தடவை வடித்து ஊற்றுவது போதும். முதல் இரண்டு வாரம் ட்ரெயின் போல்ட்டின் அடியில் ஒரு கடதாசி அட்டையை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். சிவப்புத் துளி இருந்தால் போல்ட்டை மேலும் முறுக்காமல் வோஷரை மாற்றுங்கள்.

வடித்த ஒயிலைக் கானில் அடைத்து, பழைய ஒயிலைப் பீப்பாயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். வீதி வடிகானுக்குள் ஊற்றினால் அது வெள்ளவத்தைக் கால்வாய் வழியாகக் கடலுக்குத்தான் போகும். வெறுமையான ஒயில் கான்களைக் கத்தியால் கீறிவிட்டு எறியுங்கள், அவற்றில் வேறு எதையும் நிரப்பி யாரும் விற்க முடியாதபடி.